சுருங்கிப்போன சூரியன்

எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பது என் வழக்கம். இணையத்திலிருந்து சூரியனின் படம் ஒன்றை எடுத்து, அதில் தெரியும் ஒரு கரும்புள்ளியின் அகலத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரே படத்தில் ஒரே புள்ளியை அளந்த இருவர் விடையோடு வந்தார்கள். மாணவி எழுதியிருந்தது 23,000 கிலோமீட்டர். மாணவன் எழுதியிருந்தது 3,660 கிலோமீட்டர்.

பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். மாணவியின் கணக்குப்படி அந்தப் புள்ளிக்குள் பூமியைப் போட்டாலும் இடம் மீதியிருக்கும். மாணவனின் கணக்குப்படி அந்தப் புள்ளியே பூமிக்குள் அடங்கிவிடும். பெருக்கல் வகுத்தலில் இருவருமே பிழை செய்யவில்லை. அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது?

முதலில் படத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2010 பிப்ரவரியில் ஏவிய சோலார் டைனமிக்ஸ் அப்சர்வேட்டரி என்னும் விண்கலம் எடுத்த படம் அது. அகலத்தில் 4096, உயரத்தில் 4096 என்று சின்னஞ்சிறு சதுரங்கள் சேர்ந்து உருவானது. இச்சதுரங்களையே பிக்சல் என்கிறோம். மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 68 லட்சம்! படத்தில் சூரிய வட்டத்தின் குறுக்கே சுமார் 3,800 பிக்சல்கள் இருக்கின்றன. சூரியனின் விட்டம் ஏறக்குறைய 13,92,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு பிக்சலுக்கு 366 கிலோமீட்டர் வரும். இந்த எண்ணைத்தான் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்.

மாணவியின் படத்தில் புள்ளியின் அகலம் 63 பிக்சல். மாணவனின் படத்தில் வெறும் 10. 'நீ எப்படி அளந்தாய்?' என்று அவனைக் கேட்டேன். 'உலாவியில் படத்தைத் திறந்தேன் சார். பிரின்ட் ஸ்கிரீன் விசையை அழுத்திப் பிரதி எடுத்தேன். அதில் பிக்சல்களை எண்ணினேன்' என்றான்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவனுடைய கணினியில் உலாவியின் சாளரம் 650 பிக்சல் உயரந்தான். 4096 பிக்சல் உயரமுள்ள படம் அதற்குள் எப்படி அடங்கும்? உலாவி யாரையும் கேட்காமல் படத்தை 6.3 மடங்கு சுருக்கிக் காட்டிவிட்டது. பிரின்ட் ஸ்கிரீன் திரையில் இருப்பதைத்தான் பிரதி எடுக்கும். கோப்பில் இருப்பதை அல்ல. எனவே 63 பிக்சல் 10 ஆகிவிட்டது. ஆனால் அவன் பெருக்கியதோ முழு அளவுப் படத்துக்கு உரிய 366 ஆல்!

இது உலாவியின் கோளாறு அல்ல. வசதிக்காகச் செய்து வைத்த ஏற்பாடு. 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 என்ற பழைய உலாவியிலேயே இது இருந்தது. பெரும்பாலோருக்கு முழுப் படமும் ஒரே பார்வையில் தெரிந்தால் போதும். அளவெடுப்பவனுக்குத்தான் வம்பு. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்துவந்தார்கள். அந்தத் தகடு மேசைக்குத் தக்கபடி தானே சுருங்கிக்கொள்ளாது!

படம் சுருங்கியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுட்டியைப் படத்தின்மேல் கொண்டுபோங்கள். அது பூதக்கண்ணாடி வடிவம் எடுத்தால் படம் சுருக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை சொடுக்கினால் முழு அளவுக்கு வந்துவிடும். பயர்பாக்ஸ் உலாவியில் இன்னொரு அடையாளமும் உண்டு. மேலே உள்ள தலைப்பில் படத்தின் உண்மை அளவையும், எத்தனை விழுக்காடாகச் சுருக்கியிருக்கிறது என்பதையும் காட்டும். இந்தச் சுருக்கலே வேண்டாம் என்றால், பயர்பாக்ஸின் முகவரிக் கட்டத்தில் அபௌட், கான்ஃபிக் என்ற சொற்களை இடையில் முக்காற்புள்ளி இட்டுத் தட்டெழுதுங்கள். ஓர் எச்சரிக்கை தோன்றும். அதைக் கடந்து உள்ளே போய், இமேஜ், ரீசைசிங் என்னும் சொற்களை அடிக்கோட்டால் இணைத்துத் தேடுங்கள். கிடைக்கும் வரியில் 'ட்ரூ' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டால் தீர்ந்தது. அங்குள்ள மற்ற வரிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் அளவு ஒத்துவராமல் போகலாம். உலாவியின் உருப்பெருக்கம் 100 விழுக்காட்டில் இல்லாவிட்டால், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சுழியைத் தட்டினால் சரியாகும். எழுத்துகள் பெரிதாகத் தெரியட்டும் என்று கணினியின் திரை அமைப்பையே 125 விழுக்காட்டில் வைத்திருப்பவர்களும் உண்டு. அங்கே படத்தின் 4 பிக்சல்கள் திரையின் 5 புள்ளிகளில் இழுத்துப் பரப்பப்படும். ஆகவே அளவெடுப்பதற்கு நல்ல வழி, படத்தின்மேல் வலப்பக்கப் பொத்தானைச் சொடுக்கிக் கோப்பைச் சேமித்து, படங்களுக்கான மென்பொருளில் திறப்பதுதான். கோப்பில் 4096 பிக்சல்களும் அப்படியே இருக்கும்.

மறுநாள் அந்த மாணவன் புதுக் கணக்கோடு வந்தான். உலாவியின் அமைப்பை அவன் மாற்றவேயில்லை. தன் பழைய பிரதியிலேயே சூரிய வட்டத்தையும் அளந்திருந்தான். அது 603 பிக்சல். 10-ஐ 603 ஆல் வகுத்து, 13,92,000 ஆல் பெருக்கி, 23,085 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தான். சுருங்கும்போது புள்ளியும் சூரியனும் ஒரே மடங்கில்தானே சுருங்குகின்றன? விகிதம் மாறுவதில்லை. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முழு மதிப்பெண் போட்டேன்.

ஆனால் பயிற்சியில் இரண்டாவது கேள்வி ஒன்றும் இருந்தது. படத்தில் மொத்தம் எத்தனை கரும்புள்ளிகள்? மாணவி 14 என்றாள். அவன் 9 என்றான். இங்கே விகிதம் அவனைக் காப்பாற்றவில்லை. ஏன் தெரியுமா? 6.3 மடங்கு சுருக்கினால், மூலப் படத்தின் சுமார் 40 பிக்சல்களுக்குத் திரையில் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும். அந்த 40-இன் சராசரி ஒளி அதில் இடம்பெறுகிறது என்று கொள்வோம். சூரியப் பரப்பின் ஒளி 200, கரும்புள்ளியின் ஒளி 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 பிக்சல் நீளமும் 3 பிக்சல் அகலமும் உள்ள சிறு புள்ளி, 40-இல் 9 பிக்சல்களைத்தான் அடைக்கும். சராசரி 164. கருப்பாக இருந்தது லேசான மங்கலாகிவிட்டது. கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

அந்தப் புள்ளியும் அற்பமானதல்ல. அதன் அகலம் சுமார் 1,100 கிலோமீட்டர். கோப்பைச் சேமித்து முழு அளவில் திறந்து காட்டினேன். அவன் ஒவ்வொன்றாக விரல்வைத்து எண்ணினான். பதினான்கு இருந்தது.