பழைய வீட்டை இடிக்கும் முன்...

தாத்தா காலத்தில் சுண்ணாம்புக் காரையிலும் மண் சாந்திலும் கட்டிய ஓட்டு வீடுகள் நம் கிராமங்களில் இன்னும் பல உள்ளன. இரண்டு மழைக்கு ஒழுகியதும், இடித்துவிட்டு மாடி வீடு கட்டும் எண்ணம் வருகிறது. கையில் பணம் போதாவிட்டால் நிலத்தின் பேரில் கடன் வாங்குகிறார்கள். பழைய கதவு, நிலை, உத்தரம், ஓடு ஆகியவை இடிப்புக் கூலியோடு சேர்த்து வெளியே போய்விடுகின்றன. பிறகு புதுக் கதவுக்கும் செங்கல்லுக்கும் அந்த விவசாயியே பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் விட்டுவிட்ட பொருளுக்கு மதிப்பு உண்டு. பழைய செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளையும் தூண்களையும் விற்பதற்கென்றே காரைக்குடியில் கடைகள் இருக்கின்றன.

ஆகவே வீட்டை இடிக்கும் முன் கணக்குப் பார்ப்பது நல்லது. நிலத்தைக் கடனிலிருந்து காப்பாற்றக்கூடிய கணக்கு இது.

சுவரின் நிலை

முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் சாய்ந்திருப்பது தெரியும். விரிசலின் குறுக்கே சிறிது சாந்து அப்பி, அதன்மேல் தேதி குறித்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் அந்தச் சாந்து வெடித்தால் விரிசல் வளர்கிறது என்று பொருள். அஸ்திவாரம் இறங்கிய சுவரையும், வெளியே சாய்ந்த சுவரையும் ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற முயலக்கூடாது. மழைக்காலத்தில் அவற்றின் அருகில் யாரும் படுக்கக்கூடாது. விரிசல் வளராத நேரான சுவரை இடிக்க வேண்டியதில்லை.

இடிக்காமல் பிரிக்கலாம்

கட்டிய வரிசைக்கு எதிர் வரிசையில் பிரிக்க வேண்டும். முதலில் ஓடு, பிறகு ரீப்பர், கைமரம், உத்தரம், கடைசியில் கதவு நிலையும் சுவரும். கூரை முழுவதையும் ஒரே நாளில் திறக்காமல் ஒவ்வொரு பகுதியாகச் செய்தால், குடும்பமும் நெல் மூட்டைகளும் மறு பகுதியில் இருக்கலாம். தை அறுவடை முடிந்து மாசியில் தொடங்கினால், ஐப்பசி மழைக்கு வெகு முன்னரே வேலை முடிந்துவிடும்.

செங்கல்: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லைக் கொத்துக்கரண்டியால் தட்டினாலே சாந்து உதிர்ந்துவிடும். சிமெண்டில் கட்டியது சாந்தோடு சேர்ந்து உடையும். இரண்டு செங்கற்களை ஒன்றோடொன்று தட்டினால் மணியோசை வர வேண்டும். உலர்ந்த செங்கல்லை 24 மணி நேரம் நீரில் ஊற வைத்து எடை பார்க்கலாம். 3 கிலோ எடையுள்ள கல் 3 கிலோ 600 கிராமுக்கு மேல் போனால், அதைச் சுமை தாங்கும் சுவருக்கு வைக்கக்கூடாது. உவர் பூத்த கல்லையும் சுவரில் சேர்க்கக்கூடாது. உவரில்லாத உடைந்த கல், மொட்டை மாடிச் சுண்ணாம்புத் தளத்திற்கு ஜல்லியாகும்.

மரம்: சுவருக்குள் புதைந்திருந்த உத்தர நுனியே முதலில் கெடும். அந்த இடத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். கத்தி எளிதில் இறங்கினால் கெட்ட பகுதியை அறுத்து நீக்கிவிட்டு, மீதியைக் குறுகிய கைமரமாகவோ நிலையாகவோ பயன்படுத்தலாம். பழைய தேக்கு நன்கு உலர்ந்தது. பச்சை மரம் போல் முறுக்கிக் கொள்ளாது. அறுக்கும் முன் ஆணிகளைப் பிடுங்க வேண்டும். தூண் மண்ணில் ஊன்றாமல் கல்லின் மேல் நின்றால், கறையான் மண்புற்று எழுப்பி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். உடனே தட்டி அகற்றலாம்.

ஓடு: விரலால் சுண்டினால் மந்தமாக ஒலிப்பது விரிசல் ஓடு. சீமை ஓடுகள் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை சற்று அளவு மாறும். பழைய ஓட்டின் நடுவே புது ஓட்டைச் செருகினால் பொருந்தாமல் ஒழுகும். நல்ல பழைய ஓடுகளைக் கூரையின் ஒரு சரிவிலும் புதியவற்றை மறு சரிவிலும் வேய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஏராளமான கூரைகளைப் பிய்த்தெறிந்ததை மறக்கலாகாது. கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பது அவசியம்.

சிமெண்டுப் பூச்சு வேண்டாம்

பழைய சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சி, காற்றில் மெல்ல விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளேயே தங்கி மேலும் ஏறும். பூச்சும் பாளம் பாளமாகப் பெயரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். பூசும் முன் சுவரோரத் தரை வெளிப்பக்கம் சரியுமாறு செய்து, மழைநீர் தேங்காமல் வடிக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்தாதலால் குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

எவற்றை மீண்டும் பயன்படுத்தக்கூடாது?

பழைய மின்கம்பிகள் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அதன் நுண் இழைகள் நுரையீரலில் தங்கிக் கொடிய நோய் தரும். நீர் தெளித்து முழுத் தகடாக இறக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெயிண்ட் அடித்த கதவை உலர்ந்த நிலையில் சுரண்டக்கூடாது. அந்த மரத்தை அடுப்பிலும் எரிக்கக்கூடாது.

பேக்கர் காட்டிய வழி

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007), இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களைப் புது வீடுகளில் பொருத்தினார். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடுவதால், ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டையும் குறைத்தார். இத்தகைய தளத்தைப் பொறியாளர் யோசனையின்றிப் போடக்கூடாது.

பிரிக்கத் தொடங்கும் முன் ஒரு நோட்டில் நிலை எத்தனை, கதவு எத்தனை, உத்தரம் எத்தனை அடி, நல்ல ஓடு எத்தனை என்று எழுதி, உள்ளூர்க் கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துக் காட்ட வேண்டும். மீதம் என்ன வாங்க வேண்டும் என்பது அப்போது தெரியும். அந்தத் தொகைக்கு மேல் கடன் வாங்க வேண்டாம்.