பூ வழிவிடும் தோட்டம்!

மைசூர் பிருந்தாவனத்தில் பாட்டுக்குத் தண்ணீர் ஆடும். நாம் கடலை கொறித்தபடி வேடிக்கை பார்ப்போம். பாதியில் எழுந்து போனாலும் தண்ணீருக்குக் கவலை இல்லை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

டோக்கியோவில், டொயோசு பகுதியில் நான் பார்த்த தோட்டம் வேறு ரகம். ஆள் வந்தால்தான் அங்கே ஆட்டமே!

ஓவியர்கள், புரோகிராமர்கள், என்ஜினீயர்கள் சேர்ந்து 2001ல் தொடங்கிய குழு 'டீம்லேப்'. 2018ல் அங்கே 'பிளானட்ஸ்' என்ற கலைக்கூடத்தைத் திறந்தார்கள். தோட்டங்கள் 2021ல் சேர்ந்தன. உள்ளே சில இடங்களில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். (டிக்கெட் வாங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றச் சொல்வது அநியாயம் என்று நினைத்தேன். அப்புறம் நம் ஊர் ஸ்பெஷல் தரிசனம் ஞாபகம் வந்தது. வாபஸ்!)

நான் போனது ஆபீஸ் வேலையாக. கூட வந்தவர் எங்கள் செக்‌ஷன் சீனியர். ஒரு பிரமோஷன் விவகாரத்தில் எங்களுக்குள் ஆறு மாதமாகப் பேச்சு கிடையாது. ஃபைல் மூலமாகத்தான் க்ஷேம லாபம்.

அறைக்குள் 13,000க்கும் மேற்பட்ட ஆர்க்கிட்டுகள் அந்தரத்தில் தொங்குகின்றன. மண் கிடையாது. காட்டிலே மரத்தைப் பிடித்துக்கொண்டு, காற்றின் ஈரத்தைக் குடித்து வாழ்கிற ஜாதி அது. எதிரே ஒரே பூச்சுவர். எப்படி நுழைவது என்று முழிக்கிறீர்கள். ஓரடி வைத்ததும் சரம் சரமாக மேலே ஏறி வழிவிடுகின்றன! ஆள் நிற்கும் இடத்தை சென்சார் பார்த்துச் சொல்கிறது. தாண்டிப் போனதும் முதுகுக்குப் பின்னால் மறுபடி இறங்கிவிடுகின்றன. உங்களைச் சுற்றி மட்டும் ஒரு சின்னக் கூடாரம்.

நான் ஒரு கூடாரத்தில். சீனியர் பத்தடி தள்ளி இன்னொன்றில். இரண்டு பேர் நெருங்கினால் கூடாரம் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பது ஏற்பாடு. யாரும் எங்களைக் கேட்கவில்லை. நடுவில் இருந்த பூக்கள் பாட்டுக்கு மேலே போய்விட்டன. முகத்துக்கு முகம். வேறெங்கே பார்ப்பது?

"என்ன வாசனைப்பா!" என்றார்.

"ஆமா சார்."

ஆறு மாதத்தில் அதுதான் முதல் பேச்சு.

வெளியே பாசித் தோட்டம். அதில் பெரிய பெரிய முட்டைகள். பகலில் கண்ணாடி மாதிரி சுற்றுப்புறத்தைக் காட்டும். இருட்டியதும் தாமே ஒளிரும், 61 நிறங்களில்! தள்ளினால் தஞ்சாவூர் பொம்மை மாதிரி சாய்ந்து நிமிர்ந்து ஓர் ஒலி எழுப்புகிறது. பக்கத்து முட்டை அதே ஒலியை வாங்கிக்கொள்ள, அதற்கடுத்தது... தோட்டம் முழுக்கப் பரவுகிறது. காற்று தள்ளினாலும் அப்படித்தான். சீனியர் எல்லா முட்டையையும் தள்ளினார்.

கம்ப்யூட்டர் வந்துதான் தோட்டம் பேசுகிறது என்று நினைக்காதீர்கள். ஜப்பான் தோட்டங்களில் எடோ காலத்திலேயே (1603–1868) 'சுய்கின்குட்சு' உண்டு. கை கழுவும் கல்தொட்டி அருகே, அடியில் ஓட்டை போட்ட மண்ஜாடியைத் தலைகீழாகப் புதைப்பார்கள். கழுவிய நீர் கூழாங்கல் வழியே கசிந்து, ஓட்டையில் புகுந்து, உள்ளே தேங்கிய நீரில் சொட்டும். அந்தச் சொட்டு ஜாடி முழுக்க எதிரொலித்து மணியோசையாக வெளியே வரும். யாராவது கை கழுவினால்தான் கச்சேரி! கரண்ட் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். என்னைக் கேட்டால், 13,000 பூவை விட இந்த ஜாடி ஒரு படி மேல்.

இதை ஃப்ளைட்டில் சீனியரிடம் சொன்னேன். பதில் பேசாமல் தூங்கிவிட்டார்.

பிரமோஷன் விவகாரம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் போன வாரம் என் மேஜைக்கே வந்தார். கையில் ஃபைல் இல்லை.

"ஏம்ப்பா, உங்க வீட்டு மொட்டை மாடில பழைய பூந்தொட்டி ஏதாவது கிடக்கா? பெருசா வேணும். அடியில ஓட்டை இருக்கணும்!"