படநூலில் பறக்கும் பெண்

மேல்நாடுகளில் சிறுவர்களுக்கென்று வெளியாகும் படநூல்களை நீங்கள் பார்த்திருக்கலாம். பக்கம் நிறைய வண்ண ஓவியம், அதன் கீழே இரண்டு மூன்று வரிகள். அறிஞர்களையும் தலைவர்களையும் போலவே ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளும் இந்நூல்களில் இடம்பெறுகிறார்கள்.

ருமேனியாவில் ஒனெஷ்டி என்னும் ஊரில் 1961ஆம் ஆண்டில் பிறந்தவர் நாடியா கோமனெச்சி. சும்மா உட்கார முடியாத சிறுமி என்று அவரை அறிமுகப்படுத்தும் படநூல் ஒன்று 2016இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கார்லின் கிரே எழுதினார். கிறிஸ்டின் டேவ்னியே படம் வரைந்தார். 2020இல் சிமோன் பைல்ஸ் என்ற அமெரிக்க வீராங்கனையைப் பற்றி மிஷெல் மெடோஸ் எழுதி, எபனி கிளென் ஓவியம் தீட்டிய நூல் வந்தது. உயரப் பறத்தல் என்பது அதன் தலைப்பின் பொருள்.

இத்தகைய நூல்களில் சிறுவர்களை மிகவும் கவர்வது, வீராங்கனை அந்தரத்தில் தலைகீழாக நிற்கும் படம். ஓவியர் அந்தக் கணத்தை அப்படியே உறைய வைத்துவிடுகிறார். பார்க்கும் குழந்தை, "இவள் பறவையைப் போலப் பறக்கிறாள்!" என்று வியக்கிறது. அந்த வியப்பு நல்லதுதான். ஆனால் அவள் உண்மையில் பறக்கிறாளா?

பறவை சிறகால் காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று பறவையை மேலே தள்ளுகிறது. வீராங்கனைக்கோ சிறகு இல்லை. கால்கள் தரையை விட்ட பிறகு பிடித்துக்கொள்ளவோ உதைக்கவோ எதுவும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டு முறை தலைகீழாகச் சுற்றி, இடையே உடலை முறுக்கி, நிமிர்ந்து தரையில் வந்து நிற்கிறாள். இது எவ்வாறு இயலும்? படநூல் விட்டுச் செல்லும் இந்தக் கேள்வியைப் பௌதிகத்தின் துணையோடு பார்ப்போம்.

பலகையில் தோன்றிய 1.00

முதலில் படநூல்கள் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று. 1976 ஜூலை 18ஆம் நாள் மாண்ட்ரியல் ஒலிம்பிக் போட்டியில், 14 வயது நாடியா உயரம் வேறுபட்ட இரு கம்பிகளில் ஆடி முடித்தார். மதிப்பெண் பலகையில் 1.00 என்று தோன்றியது. அவையோர் திகைத்தனர். உண்மையில் அவர் பெற்றது முழு மதிப்பெண்ணாகிய 10. ஒலிம்பிக் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் அதற்கு முன் எவரும் அதைப் பெற்றதில்லை. 10.00 என்று காட்டத் தேவையான நான்காவது இலக்கத்துக்குப் பலகையில் இடமில்லை! அந்தப் போட்டிகளில் நாடியா மொத்தம் ஏழு முறை 10 பெற்றார்.

ஆய்வுக்கூடத்தில் பழகிய மாணவர்களுக்கு இது புதிதன்று. 100 பாகை வரை குறிக்கப்பட்ட வெப்பமானியால் 120 பாகையை அளக்க முடியாது. அளக்கும் கருவிக்கு எல்லை உண்டு. முழு மதிப்பெண் முறைக்கும் அதே குறை இருந்தது. ஒருவர் 10 பெற்றபின், அவரினும் கடினமான வித்தையை வேறொருவர் செய்தால் எவ்வளவு கொடுப்பது? 2006 முதல் கடினத்துக்கு ஒரு மதிப்பெண், செம்மைக்கு ஒரு மதிப்பெண் எனப் பிரித்துக் கூட்டுகிறார்கள். கடினத்துக்கு உச்சவரம்பு கிடையாது. இதன் விளைவை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

தரையிலேயே எழுதப்படும் கணக்கு

வீராங்கனையின் உடலில் பொருண்மை மையம் என்ற புள்ளி ஒன்றைக் கருதுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது அது ஏறத்தாழத் தொப்புளுக்கு அருகில் இருக்கும். கால் தரையை விட்ட கணத்திலிருந்து இப்புள்ளி, எறிந்த கல்லைப் போலவே பரவளையப் பாதையில் செல்லும். கைகால்களை எப்படி வீசினாலும் அப்பாதையை மாற்ற முடியாது.

இப்புள்ளி 1.2 மீட்டருக்குச் சற்று மேல் எழும்பினால், ஏறி இறங்க ஆகும் மொத்த நேரம் 1 விநாடி. எல்லா வித்தைகளையும் இந்த ஒரு விநாடிக்குள் முடித்தாக வேண்டும்.

நேரத்தைப் போலவே சுழற்சியும் தரையிலேயே முடிவாகிவிடுகிறது. தரையை உதைக்கும்போது உதையின் விசை பொருண்மை மையத்தின் வழியே செல்லாமல் சற்று விலகிச் சென்றால், உடல் எழும்புவதோடு சுழலவும் தொடங்கும். அச்சுழற்சியின் அளவைக் கோண உந்தம் என்கிறோம். புவியீர்ப்பு பொருண்மை மையத்திலேயே செயற்படுவதாகக் கொள்ளலாம். ஆதலால் அதற்கு உடலைத் திருப்பும் ஆற்றல் இல்லை. காற்றின் தடையும் மிகச் சிறிது. எனவே மீண்டும் தரையைத் தொடும்வரை கோண உந்தம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

அப்படியானால் வேகமாகச் சுழல்வது எப்படி? கோண உந்தம் என்பது நிலைமத் திருப்புத்திறன், சுழல் வேகம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். உடலின் பகுதிகள் அச்சிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவுக்கு நிலைமத் திருப்புத்திறன் அதிகம். முழங்கால்களை மார்போடு சேர்த்து உடலைப் பந்துபோல் சுருட்டினால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பெருக்கற்பலன் மாறக்கூடாது, ஆகவே சுழல் வேகம் மூன்று மடங்காகிறது. விநாடிக்கு ஒரு சுற்று மூன்று சுற்று ஆகிவிடுகிறது! தரையை நெருங்கும்போது உடலை நீட்டினால் சுழற்சி தானே மந்தமாகும்.

இங்கு ஒரு கேள்வி எழலாம். வேகம் மூன்று மடங்கானால் சுழற்சியின் இயக்க ஆற்றலும் மூன்று மடங்காகிறதே, மிகுதி எங்கிருந்து வந்தது? வெளியே ஓட முனையும் கால்களை உள்ளே இழுக்க அவளுடைய தசைகள் செய்த வேலைதான் அது. இதை நீங்களே உணரலாம். சுழல் நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளிலும் கனமான புத்தகங்களை ஏந்திக் கைகளை நீட்டுங்கள். நண்பரை மெதுவாகச் சுழற்றச் சொல்லுங்கள். பிறகு கைகளை மார்புக்கு இழுங்கள். வேகம் கூடுவதும், இழுக்கச் சிரமப்படுவதும் ஒருங்கே தெரியும்.

சிறிய உடலின் பெரிய வசதி

சிமோன் பைல்ஸின் உயரம் 142 சென்டிமீட்டர். இது குறை அன்று, வசதி. ஒரே உருவ அமைப்புள்ள இருவரை ஒப்பிட்டால், எடை உயரத்தின் மூன்றாம் படியையும், நிலைமத் திருப்புத்திறன் ஐந்தாம் படியையும் பொறுத்தது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவரோடு ஒப்பிட்டால், 142 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் நிலைமத் திருப்புத்திறன் ஐந்தில் இரண்டு பங்குதான். தசையின் வலிமையோ அதன் குறுக்குப் பரப்பை, அதாவது உயரத்தின் இரண்டாம் படியைப் பொறுத்தது. எனவே எடைக்கேற்ற வலிமை குள்ளமானவருக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு அதிகம். பயிற்சியும் மன உறுதியும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவை மட்டும் போதும் என்று சொல்வது முழு உண்மை ஆகாது.

புத்தகமே ஆடிக் காட்டும் வித்தை

தலைகீழாகச் சுற்றும்போதே உடல் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்வது எப்படி? கெட்டி அட்டை போட்ட படநூல் ஒன்றை எடுத்து, திறக்காதபடி ரப்பர் வளையம் மாட்டுங்கள். மெத்தைக்கு மேல் அதை மூன்று விதமாகச் சுழற்றி எறியலாம். முதலில் தட்டைப் போலக் கிடையாகச் சுழற்றுங்கள், ஒழுங்காகச் சுழலும். அடுத்து முதுகுப்புறத்துக்கு இணையான அச்சில் உருட்டிவிடுங்கள். அதுவும் ஒழுங்காகவே சுழலும். மூன்றாவதாக, அட்டை உங்களைப் பார்க்கும்படி அடி விளிம்பைப் பிடித்து, தலை கீழாக ஒரு சுற்று வரும்படி எறிந்து பிடியுங்கள். இடப்புறம் இருந்த முதுகு வலப்புறம் வந்திருக்கும்! நீங்கள் முறுக்கவே இல்லை. புத்தகம் தானே முறுக்கிக்கொண்டது.

ஒரு பொருளின் மூன்று அச்சுகளில் நிலைமத் திருப்புத்திறன் மிகப் பெரியதாகவோ மிகச் சிறியதாகவோ உள்ள அச்சில் சுழற்சி நிலையானது. இடைப்பட்ட அச்சில் நிலையற்றது. உடலை நீட்டியபடி போடும் அந்தர்பல்டி இந்த இடைப்பட்ட அச்சைச் சார்ந்தது. எனவே வீராங்கனை தன் கைகளையும் இடுப்பையும் நுட்பமாக அசைத்து, வேண்டாத முறுக்கைக் கணந்தோறும் தடுக்க வேண்டும். முறுக்கு வேண்டும்போது ஒரு கையை உயர்த்தி மறுகையைத் தாழ்த்தினால் போதும். உடல் சற்றே சாய்ந்து, தலைகீழ்ச் சுழற்சியின் ஒரு பகுதி முறுக்காக மாறுகிறது. முறுக்கைத் தொடங்கவும் நிறுத்தவும் நொடிப்பொழுதில் முடிவு செய்வது மூளை.

படநூல் வந்த மறு ஆண்டில்

அந்த முடிவுக்கு மூளை நம்பியிருப்பது கண்களையும், தசைகளிலிருந்து வரும் செய்திகளையும், உட்செவியையும். ஒவ்வொரு உட்செவியிலும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நீர்மம் பின்தங்குகிறது; நுண்ணிய மயிர்களுடைய செல்கள் அதை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன.

2021 ஜூலை 27ஆம் நாள் டோக்கியோவில், இரண்டரை முறுக்கு முறுக்க வேண்டிய தாவலில் சிமோன் பைல்ஸ் ஒன்றரை மட்டுமே முறுக்கி இறங்கினார். அந்தரத்தில் தாம் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே தமக்குத் தப்பிவிட்டது என்று கூறிப் பெரும்பாலான போட்டிகளிலிருந்து விலகினார். துணிவில்லாதவர் என்று சிலர் ஏசினர். மேலே கண்ட கணக்கை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஒரு விநாடிக்குள், மேல் எது கீழ் எது என்று தெரியாமல், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாக விழும் நிலை அது. ஒரு வாரம் கழித்து அவர் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டையின் மேல் ஆடி வெண்கலம் வென்றார். கவனியுங்கள்: இறங்கும்போது இரண்டு அந்தர்பல்டி அடித்தார், ஆனால் முறுக்கை அடியோடு நீக்கியிருந்தார். ஆபத்து எதில் இருக்கிறது என்று அவர் தெரிந்து வைத்திருந்தார். 2024இல் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார்.

இதற்கு மாறான முடிவைக் கண்டவர் ஒருவர் உண்டு. சோவியத் நாட்டின் எலெனா முகினா 1978இல் உலக வெற்றியாளர். 1979இல் கால் முறிந்தது. முழுதும் தேறுமுன்னரே பயிற்சிக்கு வந்தார். 1980 ஜூலை 3ஆம் நாள், மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கு இரண்டு வாரங்களே இருக்கையில், ஒன்றேமுக்கால் சுற்றுச் சுற்றி உருண்டு எழ வேண்டிய வித்தையைப் பழகினார். சுற்று முழுமையடையவில்லை, முகவாய் தரையில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தது. 2006இல் இறக்கும்வரை கைகால் செயலிழந்தே வாழ்ந்தார்.

ஒன்றேமுக்கால் சுற்று என்பது 630 பாகை. எழும்பும் உயரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காற்றில் இருக்கும் நேரம் 5 விழுக்காடு குறையும். சுற்று 32 பாகை குறைவுபடும். கால் ஊன்றி இறங்கும் வித்தையில் அதனால் தடுமாற்றம் நேரலாம். தலையருகே தரை வரும் வித்தையிலோ அதுவே கழுத்தை முறிக்கப் போதும். இந்த வித்தை பின்னர் பெண்கள் போட்டியில் தடைசெய்யப்பட்டது.

கடினத்துக்கு உச்சவரம்பு இல்லாத மதிப்பெண் முறையில், மேலும் ஒரு சுற்று, மேலும் ஒரு முறுக்கு என்ற ஆசைக்கும் வரம்பு இல்லை. ஆனால் பரவளையம் தரும் நேரத்துக்கு வரம்பு உண்டு, எலும்புக்கும் உண்டு. பொருண்மை மையம் 1.2 மீட்டர் இறங்கியபின் கால் தரையைத் தொடுவதாகக் கொள்வோம். முழங்காலை மடக்கி, மெத்தையும் அமுங்கி, மேலும் 40 சென்டிமீட்டர் இறங்கி நின்றால் கால்கள் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப் போல 4 மடங்கு. விறைத்த கால்களோடு 10 சென்டிமீட்டரில் நின்றால் 13 மடங்கு! வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் மென்மையான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. அவை இத்தகைய அடிகளை நாள்தோறும் தாங்க வேண்டியிருக்கிறது. 1997 முதல், அந்த ஆண்டில் 16 வயது நிறையும் பெண்களே ஒலிம்பிக்கில் பங்குபெற முடியும். அந்த விதி 1976இல் இருந்திருந்தால் நாடியா மாண்ட்ரியலுக்குப் போயிருக்கவே முடியாது.

படநூல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. ஐந்து வயதுக் குழந்தைக்கு முதலில் வேண்டியது வியப்பு. ஆனால் அந்த வியப்போடு அது கட்டிலிலிருந்து அந்தர்பல்டி அடிக்கப் போனால், "துணிந்தால் முடியும்" என்ற வரி அதன் கழுத்தைக் காக்காது. பஞ்சுப் பள்ளமும், தடித்த மெத்தையும், பிடித்துக்கொள்ளும் ஆசிரியர் கையும், பல்லாண்டுப் படிப்படியான பயிற்சியும் படத்துக்கு வெளியே இருக்கின்றன. அவற்றைப் பற்றி அருகில் அமர்ந்து படித்துக்காட்டும் பெரியவர்தாம் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுச் சிறுவர் அப்படத்தைக் காட்டி, "இவள் பறக்கிறாளா?" என்று கேட்டால், "இல்லை; மிகக் கவனமாக விழுகிறாள்" என்று சொல்லுங்கள். பிறகு ரப்பர் வளையம் மாட்டிய அந்தப் புத்தகத்தையே மெத்தைமேல் எறிந்து காட்டுங்கள். குட்டிக்கரணம் போடும் வேலையைப் புத்தகத்திடமே விட்டுவிடலாம்.