லிபோ சார்ஜருக்கு பவர் சப்ளை: வீட்டில் இருப்பதே போதுமா?

ரிமோட் விமானம், குவாட்காப்டர், ரேஸ் கார் என்று ஏதாவது ஒரு பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் முதலில் வாங்குவது லித்தியம் பாலிமர் பேட்டரி. சுருக்கமாக லிபோ. அடுத்தது அதற்கான சார்ஜர். விலை குறைவு என்பதால் பலரும் ஐமேக்ஸ் பி6 வகை சார்ஜரை வாங்குகிறார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும், சுவரில் செருக அதில் பிளக்கே இல்லை என்று! இந்தச் சார்ஜருக்கு 11 முதல் 18 வோல்ட் வரை டிசி மின்சாரம் தர வேண்டும். அதைத் தரும் பவர் சப்ளையை நாம்தான் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும். (பி6ஏசி என்ற மாடலில் பவர் சப்ளை உள்ளேயே உண்டு. உங்களிடம் இருப்பது அதுவானால் கவலை இல்லை.)

முதலில் ஒரு எச்சரிக்கை. 3 செல் லிபோ பேட்டரியின் மேல் 11.1 வோல்ட் என்று இருக்கும். "பவர் சப்ளை 12 வோல்ட்தானே, நேராகவே பேட்டரியில் கொடுத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. பவர் சப்ளைக்கு பேட்டரியின் நிலைமை தெரியாது. காலியான பேட்டரியை மாட்டினால் கட்டுப்பாடு இல்லாமல் கரண்ட் பாயும். சார்ஜர்தான் கரண்டை அளவாகக் கொடுத்து, ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்து, பிறகு மெல்லக் குறைத்து நிறுத்துகிறது. இந்தக் காவல் இல்லாவிட்டால் லிபோ உப்பும், தீப்பிடிக்கும். எனவே எந்த பவர் சப்ளை வாங்கினாலும் அது சார்ஜருக்கு மட்டுமே.

எத்தனை ஆம்பியர் வேண்டும்?

கடையில் 12 வோல்ட் 5 ஆம்பியர், 10 ஆம்பியர், 30 ஆம்பியர் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பெரியதாக வாங்கினால் சீக்கிரம் சார்ஜ் ஆகும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பேட்டரியை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பரவலாகப் பயன்படும் 3 செல், 2200 எம்ஏஎச் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். இதை 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்வது வழக்கம். முழுதாக நிறையும்போது வோல்டேஜ் 12.6. இரண்டையும் பெருக்கினால் சுமார் 28 வாட். சார்ஜருக்குள் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். அதையும் சேர்த்து 35 வாட் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் தேவை. 5 ஆம்பியர் பவர் சப்ளை தாராளம்.

பி6 சார்ஜரின் உச்ச வரம்பே 50 வாட்தான். 5 ஆம்பியர் வரை தரும் என்று போட்டிருந்தாலும், 6 செல் பேட்டரியை மாட்டினால் 2 ஆம்பியரைத் தாண்டாது. அந்த 50 வாட்டை முழுதாகப் பயன்படுத்த பவர் சப்ளையிடமிருந்து 60 வாட்டுக்குச் சற்று மேல் வேண்டும். அதாவது 12 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்று மேல் தேவைப்படும். 8 அல்லது 10 ஆம்பியரில் வாங்கினால் அதுவும் சூடாகாமல் நிம்மதியாக இருக்கும். 30 ஆம்பியர் வாங்குவது இந்தச் சார்ஜருக்கு வீண் செலவு.

பரணில் தேடுங்கள்

பழைய எல்சிடி மானிட்டரின் அடாப்டர் இருக்கிறதா? பல மாடல்களுக்கு 12 வோல்ட் அடாப்டரும், சிலவற்றுக்கு 14 வோல்ட் அடாப்டரும் வந்தன. லேபிளில் அவுட்புட் 3 ஆம்பியருக்கு மேல் இருந்தால் நம் கணக்குக்குப் போதும். முழுதும் மூடிய பிளாஸ்டிக் பெட்டி என்பதால் கை படுமே என்ற பயம் இல்லை. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிராட்பேண்ட் மோடத்தின் அடாப்டரும் 12 வோல்ட்தான், ஆனால் 1 ஆம்பியர் அளவில்தான் இருக்கும். அது தாங்காது.

லேப்டாப் அடாப்டரில் ஒரு சிக்கல். பெரும்பாலானவை 19 அல்லது 19.5 வோல்ட் தருகின்றன. பி6 ஏற்பது 18 வோல்ட் வரைதான். "ஒரு வோல்ட்தானே" என்று மாட்ட வேண்டாம். ஆனால் ஐபிஎம் திங்க்பேட் லேப்டாப்களுடன் ஒரு காலத்தில் 16 வோல்ட், 4.5 ஆம்பியர் அடாப்டர் வந்தது. அது கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்! 72 வாட், வோல்டேஜும் நடுவாந்திரம். இன்று வரும் சில சார்ஜர்கள் 30 வோல்ட் வரை ஏற்கின்றன. அவற்றில் 19 வோல்ட் அடாப்டர் தாராளமாக ஓடும். சார்ஜரின் லேபிளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்

கழற்றிப் போட்ட கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் பலர் வீட்டில் தூங்குகிறது. அதில் 12 வோல்ட் வருகிறது. பெட்டியில் 450 வாட் என்று பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். லேபிளில் +12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பென்டியம் 4 வருவதற்கு முந்தைய எஸ்எம்பிஎஸ்களில் பலம் எல்லாம் 5 வோல்ட்டில்தான்.

மதர்போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கில் ஒரே ஒரு பச்சை வயர் இருக்கும். மெயின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பச்சையையும் ஏதாவது ஒரு கருப்பையும் சிறு வயரால் இணையுங்கள். பிறகு மின்சாரம் கொடுத்தால் ஃபேன் சுற்றும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் 4 பின் பிளக்கில் மஞ்சள் பிளஸ், அதை ஒட்டிய கருப்பு மைனஸ். இந்த இரண்டும்தான் சார்ஜருக்கு.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சார்ஜ் தொடங்கியதும், உள்ளே வரும் வோல்டேஜ் குறைவு என்று சார்ஜர் நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பழைய வகைகள் 5, 12 வோல்ட் இரண்டையும் சேர்த்தே கட்டுப்படுத்துகின்றன. 5 வோல்ட்டில் வேலையே இல்லாமல் 12 வோல்ட்டில் மட்டும் கரண்ட் எடுத்தால் 12 கீழே இறங்கும். சிவப்புக்கும் கருப்புக்கும் இடையே 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரெசிஸ்டர் சுடும், பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி வைத்தாலும் போதும். சார்ஜ் ஓடும்போது மல்ட்டிமீட்டரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

புதிதாக வாங்குவதானால்

எல்இடி ஸ்ட்ரிப், சிசிடிவி கேமராவுக்கு விற்கும் ஓட்டை போட்ட அலுமினியப் பெட்டி பவர் சப்ளைதான் மலிவு. சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். வேலை நன்றாகவே செய்யும். ஆனால் 230 வோல்ட் வயரை மாட்டும் ஸ்குரூக்கள் வெளியே தெரியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை அப்படியே மேஜையில் வைப்பதை நான் ஒப்பமாட்டேன். மூடிய பெட்டிக்குள் காற்றோட்டத்துடன் வைத்து, 3 பின் பிளக்கில் எர்த் வயரையும் கட்டாயம் இணைக்க வேண்டும். எர்த் இல்லாமல் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். சில மாடல்களில் பக்கவாட்டில் 115/230 ஸ்விட்ச் இருக்கும். அது 115இல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரம் கொடுத்தால் வெடிச் சத்தத்தோடு கதை முடிந்துவிடும். இந்த வேலையெல்லாம் கைவராது என்றால், கொஞ்சம் கூடுதல் விலையில் பிஐஎஸ் முத்திரையுள்ள 12 வோல்ட் மூடிய அடாப்டரை வாங்கிவிடுங்கள்.

கடைசியாக வயர். மெல்லிய ஸ்பீக்கர் வயரை மீட்டர் கணக்கில் இழுத்தால் வழியிலேயே வோல்டேஜ் விழும். 1 சதுர மில்லிமீட்டர் வயரை ஒரு மீட்டருக்கு மிகாமல் வெட்டிக்கொள்ளுங்கள். சார்ஜரில் மாட்டுமுன் எது பிளஸ், எது மைனஸ் என்று மீட்டரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.