வண்டியின் பிளாஸ்டிக் பேனல் விரிசலா? பசை வாங்கும் முன் சரக்கைத் தெரிந்துகொள்வோம்

மளிகைக் கடையானாலும் மொத்த வியாபாரமானாலும், சரக்கு கொண்டு போகவும் வசூலுக்குப் போகவும் இரு சக்கர வண்டி இல்லாமல் நமக்கு ஒரு நாளும் ஓடாது. அந்த வண்டியில் முதலில் அடிபடுவது பிளாஸ்டிக் பாகங்களே. மோட்டார் சைக்கிளின் முன்பக்க டூம், பக்கவாட்டுப் பேனல், ஸ்கூட்டரின் முன் மறைப்பு ஆகியவை சாய்ந்து விழுந்தாலும் விரியும், ஸ்குருவை இறுக்கித் திருகினாலும் விரியும். பேனல் மேல் கயிற்றைப் போட்டு மூட்டையை இழுத்துக் கட்டினாலும் விரியும்.

விரிசல் சிறிதாக இருக்கும்போதே வீட்டில் சரி செய்துவிடலாம். ஆனால் பலர் ஏதோ ஒரு பசையைப் பிழிந்து ஒட்டுகிறார்கள். இரண்டு நாளில் அது விட்டுவிடுகிறது. பெரும்பாலும் குறை பசையில் இல்லை. ஒட்டப்படும் பிளாஸ்டிக் எது என்று பார்க்காததுதான் காரணம். அரிசியின் ரகம் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. இங்கேயும் அதே விதிதான்.

எந்த ரகப் பிளாஸ்டிக்?

மெக்கானிக்குகள் பொதுவாக 'ஃபைபர்' என்று சொன்னாலும், கம்பெனியிலிருந்து வரும் பேனல்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ் அல்லது பிபி (பாலிபுரொப்பிலீன்) என்ற இரண்டு ரகங்களில் அடங்கும். பேனலைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். பல பேனல்களில் இந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் அச்சாகவே இருக்கும்.

அச்சு இல்லையென்றால், பெயிண்ட் படாத உள் ஓரத்தில் கத்தியால் ஒரு சிறு துகள் சீவி, சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பிபி வகை. மூழ்கினால் ஏபிஎஸ் ஆக இருக்கலாம். உறுதி செய்ய, உட்புறத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் ஏபிஎஸ்தான். பிபி ரகத்தை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. சாதாரணப் பசைகளும் அதில் பிடிக்காது.

கழற்றுவதும் சுத்தம் செய்வதும்

பேனலை வெறுமனே பிடித்து இழுக்காதீர்கள். ஸ்குருக்கள் தவிர உள்ளே கொக்கிகளும், ரப்பர் வளையத்தில் செருகிய முளைகளும் இருக்கும். ரப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டால் முளை சுலபமாக வெளிவரும். ஸ்குருக்களை இடம்வாரியாகத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் பெயர் எழுதி வையுங்கள். பொட்டலம் மடிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர விடுங்கள். பாலிஷும் செயின் எண்ணெயும் ஒட்டியிருந்தால் எந்த ஒட்டும் நிற்காது. விரிசல் எங்கே முடிகிறதோ அந்த நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். கூர்மையான நுனியில்தான் அழுத்தம் குவிந்து விரிசல் மேலும் ஓடும். வட்டத் துளை அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும். அடுத்து இரு பக்கத்தையும் சரியாகப் பொருத்தி, வெளிப்புறத்தில் டேப் ஒட்டி, உட்புறத்தில் விரிசல் நெடுக பாதி ஆழத்துக்கு ஒரு சாய்வான வாய்க்கால் கீறுங்கள்.

ஏபிஎஸ் என்றால்

மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட ஏபிஎஸ் பேனல் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் கரைந்து இட்லி மாவுப் பதத்தில் இருக்கும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கலாம் என்பதால், கெமிக்கல் கடையில் தனி அசிட்டோனாகவே வாங்குங்கள்.

இந்தக் கூழை வாய்க்காலில் மெல்லிய பூச்சாகத் தடவி, உலர்ந்தபின் அடுத்த பூச்சு கொடுங்கள். நடுவே கொசு வராமல் ஜன்னலுக்கு அடிக்கும் எவர்சில்வர் கம்பி வலைத் துண்டு ஒன்றை வைத்துப் பூசினால் பலம் கூடும். கூழ் அந்தப் பிளாஸ்டிக்கோடு கரைந்து ஒன்றாகிவிடுவதால் இது வெறும் ஒட்டு அல்ல. அவசரப்படாமல் ஓரிரு நாள் காயவிட வேண்டும்.

உடைந்த கொக்கியைத் தற்காலிகமாக நிறுத்த உடனடிப் பசையும் ஆப்ப சோடாவும் உதவும். சோடாவைத் தூவி அதன்மேல் பசை விட்டால் நொடியில் கல்லாகும். ஆனால் அது விறைப்பானது, வண்டியின் அதிர்வில் நொறுங்கும். பின்பக்கம் வலைப் பூச்சு அவசியம். எச்சரிக்கை ஒன்று: இந்தப் பசை பருத்தித் துணியில் சிந்தினால் கடும் சூடு உண்டாகிச் சுட்டுவிடும். வேட்டி கட்டியவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பிபி என்றால்

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, சால்டரிங் அயர்ன் கொண்டு, அதே பிபி ரகக் கீற்றை உருக்கி வாய்க்காலில் சேர்ப்பது. இரு பக்கமும் இளகி ஒன்றுசேர வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம் என்று பொருள். மற்றொன்று, கோணி ஊசியால் சாக்கு தைப்பது போன்றது. விரிசலின் இரு பக்கமும் சிறு துளைகள் இட்டு, பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் தைத்து இறுக்குவது. அழகு குறைவுதான், ஆனாலும் சரக்கு வண்டிக்கு நன்றாக உழைக்கும்.

பெயிண்ட் அடிக்க வேண்டுமானால் 180, 320, 600 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றித் தேய்த்து, பிரைமர் பூசி, மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். பிபிக்கு அதற்கென்றே உள்ள பிரைமர் தேவை.

கடைக்குள் செய்யக் கூடாது

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். ஊதுவத்தி, கற்பூரம், அடுப்பு அருகில் இருக்கக் கூடாது. காற்றோட்டமான வெளியிடத்தில்தான் வேலை நடக்க வேண்டும். குடோனில் செய்தால் தேயிலையும் மாவும் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். ஒரு பேனலை மிச்சப்படுத்தப் போய் ஒரு பெட்டித் தேயிலையை இழப்பது வியாபாரம் ஆகாது. அசிட்டோனைப் பெயர் எழுதாத பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. எண்ணெய், வினிகர் இருக்கும் அலமாரிக்கு அது வரவே வேண்டாம்.

ஒட்டக் கூடாதவை

விரிசல் விட்ட ஹெல்மெட்டை எந்தப் பசையாலும் ஒட்டி அணியக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும். வண்டி பலமாக விழுந்திருந்தால், பேனலைத் தொடுமுன் முன் ஃபோர்க், ஹேண்டில், பிரேக் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பேனல் உடைந்தது கண்ணுக்குத் தெரியும். ஃபோர்க் வளைந்தது தெரியாது. பேனலை மாட்டியபின் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் தட்டவில்லை என்று பார்த்த பிறகே பையனிடம் சாவியைக் கொடுங்கள். அவன் நம் வேலையாகத்தான் சாலையில் போகிறான்.

இன்சூரன்ஸ் கணக்கு

வழக்கமான முழுப் பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்தே தருவார்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் பிரிவு எடுத்திருந்தால் மட்டுமே வேறு கணக்கு. கிளெய்ம் செய்தால் 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் போனஸ் தள்ளுபடியும் போகும். ஆகவே சிறு விரிசலுக்குக் கிளெய்ம் கட்டுப்படியாகாது. பெரிய சேதம் என்றால் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் ஒட்டாதீர்கள்.

விரிசல் வராமல் தடுப்பதும் எளிதே. ஸ்குருவுக்கு ரப்பர் வாஷர் போடுங்கள், அளவோடு திருகுங்கள், கயிறு படும் இடத்தில் சாக்குத் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். காலியான சாக்குக்கு நம் கடைகளில் பஞ்சமில்லை.