வேலையைத் தேடும் முன் வேலையைத் தெரிந்து கொள்ளுங்கள்

பொங்கலூரில் இருந்து கல்லூரிக்குப் பஸ் ஏறும் மாணவரிடம், "படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று சாஃப்ட்வேர், மற்றொன்று பனியன் கம்பெனி.

இவை துறைகளின் பெயர்கள். வேலைகளின் பெயர்கள் அல்ல. நான் பணிபுரியும் சாஃப்ட்வேர் துறையில் புரோகிராம் எழுதுபவர், அதைச் சோதிப்பவர், சர்வரைக் கவனிப்பவர் ஆகியோரின் வேலைகள் வெவ்வேறு. பனியன் கம்பெனியிலும் அப்படித்தான். வெளிநாட்டு ஆர்டரைக் கவனிக்க மெர்ச்சண்டைசர், கம்ப்யூட்டரில் ஆடையின் அளவுகளை வரைய பேட்டர்ன் மாஸ்டர், ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிக்க பி.காம். படித்தவர் எனப் பலர் வேண்டும். 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் கழிவுநீரை வெளியேற்றாத சுத்திகரிப்பு முறையுடன் ஆலைகள் மீண்டும் இயங்கின. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேதியியல் படித்தவர்களுக்கும் வேலை உண்டு.

சரி, உங்களுக்கு ஏற்றது எது? வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸெல் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். வேலையின் பெயர், கேட்கும் தகுதி, என்னிடம் உள்ளதா என மூன்று பத்திகள் அமையுங்கள். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்தில் 20 விளம்பரங்களைப் படித்து இதில் நிரப்புங்கள். எந்தத் தகுதி அடிக்கடி கேட்கப்படுகிறதோ, அதுதான் நீங்கள் முதலில் கற்க வேண்டியது.

கற்பதற்குச் செலவாகுமே என்ற கவலை வேண்டாம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் கம்ப்யூட்டர் முதல் ஜவுளி வரை பாடங்கள் உள்ளன. படிப்பது இலவசம்; சான்றிதழ் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். தமிழக அரசு 2022 மார்ச் மாதம் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் பற்றி உங்கள் கல்லூரியில் விசாரியுங்கள்.

முதலில் 4 வாரப் பாடம் ஒன்றில் சேருங்கள். இரண்டாவது வாரமே சலித்துவிட்டதா? நல்லது. அந்தத் துறை உங்களுக்கு ஒத்துவராது என்று பதினைந்தே நாளில், பணச் செலவின்றித் தெரிந்துவிட்டது. மூன்று வருடப் பட்டம் முடித்து, வேலையிலும் சேர்ந்த பிறகு இது தெரிந்தால் எவ்வளவு இழப்பு!

ஓர் எச்சரிக்கை: வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டு மெயில் வந்தால், பதில் அனுப்பாமல் உடனே டெலீட் செய்துவிடுங்கள்.