உயர் அழுத்த நரம்பியல் கூட்டறிகுறி

உயர் அழுத்த நரம்பியல் கூட்டறிகுறி என்பது, ஈலியம் கலந்த வளிமத்தைச் சுவாசித்தவாறு ஏறத்தாழ 150 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கும் முக்குளிப்போருக்கு ஏற்படும் நரம்பு மண்டலக் கோளாறு ஆகும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு உயர்கிறது. எனவே 150 மீட்டர் ஆழத்தில் உடலின் மீதான மொத்த அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப் போல் 16 மடங்காகும்.

அறிகுறிகள்

கை நடுக்கம், தலைசுற்றல், குமட்டல், தசைத் துடிப்பு, பார்வைக் குழப்பம், தூக்க மயக்கம், சிந்தனைத் திறன் குறைதல் ஆகியன முக்கிய அறிகுறிகள். மூளை மின்னலை வரைவிலும் மாற்றங்கள் தென்படும். ஆழமும் இறங்கும் வேகமும் கூடக்கூட இவை கடுமையாகும். அழுத்தம் குறைந்ததும் பெரும்பாலும் நீங்கிவிடும். எனினும், நீருக்கடியில் கருவிகளைக் கையாள இயலாமற் போவது உயிருக்கே இடராகலாம்.

காரணம்

காற்றைச் சுவாசித்து இறங்குவோருக்கு 30 மீட்டர் அளவிலேயே நைட்ரசன் மயக்கம் தோன்றத் தொடங்கும். இதனைத் தவிர்க்கவே மயக்கம் தராத ஈலியம் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் மிகு ஆழத்தில் அழுத்தமே நரம்பு மண்டலத்தை மிகையாகக் கிளர்ச்சியுறச் செய்கிறது. இதன் பொறிமுறை இன்னும் முழுமையாக அறியப்படவில்லை.

வரலாறும் தடுப்பும்

பீட்டர் பென்னெட் 1965 இல் இதனை 'ஈலிய நடுக்கம்' என விவரித்தார். சிறிதளவு நைட்ரசனைச் சேர்த்தால் அதன் மயக்கும் தன்மை நடுக்கத்தைத் தணிக்கும் என்பது பின்னர் கண்டறியப்பட்டது. இம்முறையில் 1981 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அழுத்த அறையில் 686 மீட்டருக்கு ஈடான அழுத்தம் எட்டப்பட்டது. பிரான்சின் கோமெக்சு நிறுவனம் ஐதரசன் கலவையைக் கொண்டு 1988 இல் கடலில் 534 மீட்டரையும், 1992 இல் அழுத்த அறையில் 701 மீட்டருக்கு ஈடான அழுத்தத்தையும் எட்டியது. இடைநிறுத்தங்களுடன் அழுத்தத்தை மெல்லக் கூட்டுவதும் முக்கியத் தடுப்பு முறையாகும்.

தமிழகக் கடற்பகுதி

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்போர் கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சடக்கி ஏறத்தாழ 20 மீட்டர் வரையே இறங்கினர். அவ்வாழத்தில் இக்கூட்டறிகுறி ஏற்படுவதில்லை. அழுத்தக் காற்றைச் சுவாசித்துச் சங்கு குளிப்போருக்கு உள்ள இடர் வேறு. அவர்கள் விரைந்து மேலேறும்போது, உடலில் கரைந்துள்ள நைட்ரசன் குமிழிகளாகித் தண்டுவடத்தைத் தாக்கி வாதத்தை உண்டாக்கலாம். இது அழுத்தக்குறைவு நோய் எனப்படும். முன்னது இறங்கும்போது அழுத்தம் கூடுவதாலும், பின்னது ஏறும்போது அழுத்தம் குறைவதாலும் விளைகின்றன.

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 6000 மீட்டர் ஆழத்துக்கென வடிவமைத்த மத்சயா 6000 என்னும் மூவர் நீர்மூழ்கியில், பயணிகள் அமரும் டைட்டானியக் கோளத்துக்குள் இயல்பான வளிமண்டல அழுத்தமே பேணப்படும். எனவே அதில் செல்வோருக்கு இக்கூட்டறிகுறி ஏற்படாது.